பைக்கால்: அடிவரை மூச்சுவிடும் ஏரி

சைபீரியாவின் பைக்கால் ஏரிக்குச் சென்று வந்த பலரும் அதன் ஆழத்தைப் பற்றியே பகிர்ந்திருக்கிறார்கள். 1,642 மீட்டர் என்பது மலைக்க வைக்கும் ஆழம்தான்; ஆயினும் மார்ச் மாதத்தில் ஓல்கோன் தீவை ஒட்டி, உறைந்த ஏரியின் மேல் நடந்தபோது என்னைக் கட்டிப்போட்டது அந்த நீரின் தெளிவுதான். பனித்தூளைக் காற்று வாரிச் சென்றுவிட்ட இடங்களில் உறைபனி கருநீலமாகத் தெரிந்தது. அதனுள்ளே வெள்ளைக் குமிழ்கள், அடுக்கி வைத்த ஆப்பங்களைப் போல, ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. அடிவண்டலிலிருந்து எழும் மீத்தேன் வாயு, பனி கீழ்நோக்கித் தடிக்கத் தடிக்க, இப்படி அடுக்கடுக்காகச் சிறைப்படுகிறது.

இந்தத் தெளிவு தானாக வந்ததன்று. எபிஷூரா என்னும், இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டாத மிதவை உயிரி, நுண்பாசிகளை ஓயாமல் வடித்து உண்பதும், ஆழமற்ற பகுதிகளில் கடற்பஞ்சுகள் எனப்படும், நன்னீரிலும் வாழும் பச்சை நிற உயிரிகள் நீரை வடிகட்டுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

லிஸ்த்வியான்கா அருங்காட்சியகத்தில் கோலோமியான்கா மீனைப் பார்த்தேன். செதிலும் காற்றுப்பையும் இல்லாத அந்த மீனின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பு. அது முட்டையிடாமல் குஞ்சு ஈனுகிறது. நெர்ப்பா என்னும் நன்னீர்ச் சீல்களுக்கு அதுவே முதன்மையான இரை. ஏரியின் அடித்தளம்வரை அது வாழ்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழத்தில் இரண்டாவதான டாங்கனீக்கா ஏரியில் சில நூறு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. பைக்காலிலோ, காற்றால் கீழே தள்ளப்படும் குளிர்ந்த மேல்நீர் ஓர் ஆழத்தைக் கடந்ததும், அங்குள்ள அழுத்தத்தால் சுற்றியுள்ள நீரைவிட அடர்ந்து தானே மூழ்கி, ஆக்சிஜனை அடிவரை கொண்டு செல்கிறது.

ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளாக இந்த ஏரி தூர்ந்து போகாததற்குக் காரணம், புவியின் மேலோடு அங்கே இன்னும் பிளந்து அகன்றுகொண்டிருப்பதே. முன்னூறுக்கும் மேற்பட்ட ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்த பின்னும், தளம் தாழ்ந்துகொண்டே இருக்கிறது. வெளியேறும் ஆறு அங்காரா ஒன்றுதான்.

அண்மைக் காலமாகக் கரையோரக் குடியிருப்புகளின் கழிவுநீர் கலக்கும் இடங்களில் ஸ்பைரோகைரா பாசி மண்டுகிறது. கடற்பஞ்சுகளும் நோயுற்று மடிகின்றன. அங்கே செல்லும் நண்பர்கள், கழிவுநீரை முறையாக அகற்றும் விடுதிதானா என்று கேட்டறிந்த பிறகே தங்குமிடத்தை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.