தில்லானா மோகனாம்பாள்: சிவாஜியின் விரல் பற்றி ஒரு தகராறு

பழையபடம்:
ஞாயிற்றுக்கிழமை 'தில்லானா மோகனாம்பாள்' மறுபடி பார்த்தேன். 1968இல் வந்தது. இந்த முறை கதை மனசில் ஒட்டவே இல்லை. மதன்பூர் மகாராஜா வந்தால் 'அட, நம்பியார்', சிங்கபுரம் மைனர் வந்தால் 'பாலாஜி', வடிவாம்பாள் வந்தால் 'சி.கே. சரஸ்வதி' என்று ஆள் கண்டுபிடிப்பதிலேயே படம் ஓடிவிட்டது. சண்முகசுந்தரமும் எனக்கு சிவாஜிதான், நாயனக்காரராக, அதாவது நாதஸ்வர வித்வானாகத் தெரியவில்லை. வாசிப்பு ஒரு பக்கம் போகிறது, விரல் ஒரு பக்கம் போகிறது.

கீழவீதி:
விரல் ஒரு பக்கமா? எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். என் தாத்தா நாற்பது வருஷம் கோயிலில் நாயனம் வாசித்தவர். தூர்தர்ஷனில் இந்தப் படம் போட்ட அன்று, 'நலந்தானா' வந்ததும் தொடையில் விரல் பதித்துக் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மூச்சு எடுக்கிற இடம் சரியா இருக்கு" என்றார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

பழையபடம்:
மூச்சைத்தானே சொன்னார், விரலைச் சொல்லவில்லையே.

வெண்திரை:
வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கவில்லை. இதில் தகராறு எதற்கு?

கீழவீதி:
வாசித்தார் என்று நான் எங்கே சொன்னேன்? ஏழு விரல் துளை. ஊதுகிற சீவாளியை உதட்டில் வைத்து, கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க அந்த ஏழையும் மூடித் திறக்கிற மாதிரி காட்ட வேண்டும், கூடவே கண்ணால் பத்மினியிடம் பேசவும் வேண்டும். வாசித்தவர்கள் இரண்டு பேர், திரையிலும் சிவாஜி பக்கத்தில் ஏ.வி.எம். ராஜன் இன்னொரு நாயனத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் கவனிக்காமல் 'அட, நம்பியார்' என்று எண்ணிக்கொண்டிருந்தால் விரல் எப்படித் தெரியும்?

உறையூர்வாசகி:
எனக்கு வருத்தம் வேறு. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் விகடனில் தொடராக எழுதியது இது. ஓவியம் கோபுலு. எங்கள் வீட்டில் அம்மா கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார். கோபுலுவின் மோகனாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பத்மினியை ஏற்றுக்கொள்ளவே நாளாகும். நாவலின் பாதி கூட படத்தில் இல்லை.

வெண்திரை:
நாவலை வேறு, படத்தை வேறு என்று பார்க்க மாட்டீர்களா? போன மாதம் 'உதிரிப்பூக்கள்' படப் பேச்சிலும் அதன் மூலக்கதை 'சிற்றன்னை'யைத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள்தான்.

உறையூர்வாசகி:
புதுமைப்பித்தனைப் படித்தவள் சொல்லத்தான் செய்வேன். அன்று நீங்கள் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை.

பழையபடம்:
சரி, மனோரமாவை எடுத்துக்கொள்வோம். ஜில் ஜில் ரமாமணி வந்து நின்றதும் மனோரமா காணாமல் போய்விடுகிறார். அந்தக் குழைவான பேச்சு, அந்த ஆட்டம், அடியில் இருக்கிற ஏக்கம். பாலையாவின் தவில்காரரும் அப்படித்தான். நாகேஷின் வைத்தியும் அப்படித்தான். சிவாஜி மட்டும்தான் சிவாஜியாகவே நிற்கிறார். நான் சொன்னது அவ்வளவுதான்.

கீழவீதி:
இல்லை. நீங்கள் சொன்னது 'விரல் ஒரு பக்கம்' என்று. மேலே அப்படியே இருக்கிறது, படித்துப் பாருங்கள். பாலையாவை இப்போது இழுக்காதீர்கள். வலது கை விரல்களில் மாட்டிய கூடு, இடது கையில் கழி என்று தவில்காரர் உட்காருகிற உட்காரலை அந்த மனிதர் எப்படிப் பிடித்தார் என்று நான் நாள் முழுக்கப் பேசுவேன். ஆனால் பேச்சு விரலைப் பற்றி.

வெண்திரை:
அண்ணே, ரயில் காட்சியைப் பாருங்கள். அதில் நாயனமும் இல்லை, விரலும் இல்லை. மோகனாவின் அம்மாக்காரி வடிவாம்பாள் காவல் இருக்க, கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். அங்கே சண்முகசுந்தரம்தான் தெரிகிறார்.

பழையபடம்:
எனக்கு அங்கேயும் சிவாஜிதான் தெரிந்தார்.

கீழவீதி:
ரயிலை விடுங்கள். என் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு பாட்டு கேட்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டேதான் தொடையில் விரல் வைத்தார். தப்பு இருந்திருந்தால் கை நின்றிருக்கும். கோயிலில் கூட வாசிக்கிறவன் ஒரு விரல் தப்பினால் திரும்பி முறைக்கிற ஆள் அவர்.

உறையூர்வாசகி:
தொடரில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்கிறீர்களா?

பழையபடம்:
உங்கள் தாத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பார்த்தது என் கண். விரல் பொருந்தவில்லை.

கீழவீதி:
எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிஷம், எந்த விரல்? அதைச் சொல்லுங்கள். முதல் பதிவிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.