வேல்ஸ் மலைப் பட்டியல்: ‘ப்ராமினென்ஸ்’ தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மேட்டைத் தனி மலையாகக் கணக்கில் சேர்ப்பதா, பக்கத்து மலையின் தோள் என்று விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுதான் ‘ப்ராமினென்ஸ்’. இதற்குத் தமிழில் ‘புடைப்பு’, ‘எழுச்சி’ என்ற இரண்டு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. உச்சியிலிருந்து அதைவிட உயரமான வேறோர் இடத்துக்குப் போக, குறைந்தது எவ்வளவு இறங்கியாக வேண்டும்? அந்த இறக்கம்தான் அளவு. ‘புடைப்பு’ தோற்றத்தைத்தான் சொல்கிறது. ‘எழுச்சி’ நிலவியலில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது.

தெற்கு வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைத்தொடரில் உள்ள வான் அ பிக் மலையைப் பாருங்கள். (வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் ‘வ’ ஒலி. ‘ஃபேன்’ என்று எழுத வேண்டாம்.) 2,000 அடி உயரமும் 30 மீட்டர் இறக்கமும் இருந்தால்தான் ‘ஹியூவிட்’ என்னும் மலைப் பட்டியலில் இடம். இந்த மலை 700 மீட்டருக்கு மேல்; உயரத்தில் சிக்கலே இல்லை. ஆனால் 2018-இல் அளந்தபோது இறக்கம் 28.4 மீட்டர்தான் என்று தெரிந்து பெயரை நீக்கிவிட்டார்கள். 15 மீட்டர் போதும் என்கிற நட்டால் பட்டியலில் அது தொடர்கிறது. மலையை வீழ்த்தியது உச்சி அல்ல, இறங்கிச் சேரும் கணவாய். ஆகவே என் பரிந்துரை: ‘கணவாய்மேல் உயரம்’. ‘கடல்மேல் உயரம்’ என்பதற்கு நல்ல இணை.

---

மறுமொழி:

> கணவாய்மேல் உயரம்

கருத்து சரி, ‘கணவாய்’ இடிக்கிறது ஐயா. கணவாய் என்றால் நம் வாசகருக்குப் பாலக்காடுதான்: ஊடே வண்டி போகும் வழி. இங்கே பேசுவதோ இரண்டு உச்சிகளுக்கு நடுவே முகடு தணிகிற ஒரு புள்ளி. அங்கே பாதைகூட இருக்க வேண்டியதில்லை. கணிதத்தில் ‘சேணப்புள்ளி’ இருக்கிறது. முகட்டின் வழியே நடந்தால் அதுதான் மிகத் தாழ்ந்த இடம். குறுக்கே கடந்தால் அதுவே மிக உயர்ந்த இடம். ‘சேணமேல் உயரம்’ என்றால் என்ன?

---

மறுமொழி:

சொல்லை முடிவு செய்யுமுன் அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. கடல்மேல் உயரம், இந்த இறக்கம் இரண்டிலும் வரும் பிழை வேறு வேறு.

உச்சியில் முதல் வேலை, எந்தப் பாறை உயர்ந்தது என்று மட்டக்கருவியும் அளவுகோலும் வைத்துக் கண்டுபிடிப்பது. ஆட்கள் குவித்த கற்குவியல் கணக்கில் வராது. பிறகு அந்த இடத்தில் ஜிபிஎஸ் ஏற்பியை முக்காலியில் நிறுத்தி இரண்டு மணி நேரம் போலப் பதிவு எடுக்கிறார்கள். ஆன்டெனா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். இங்கே ஒரு செ.மீ. தவறினால் முடிவிலும் அதே ஒரு செ.மீ. தவறும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நிலையான நிலையங்களின் பதிவோடு சேர்த்துக் கணக்கிட்டால் நீள்கோளத்துக்கு (பூமியின் வடிவமாக வைத்துக்கொண்ட கணித உருவம்) மேலான உயரம் வரும். அதிலிருந்து ஜியாய்டு (கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் வரும் பரப்பு) இடைவெளியைக் கழிக்க வேண்டும். வேல்ஸில் இது 50 மீட்டருக்கும் மேல். மிஞ்சுவதுதான் நியூலின் கடல்மட்டத்துக்கு (பிரிட்டன் உயரங்களுக்கு அதுவே அடிப்படை) மேலான உயரம்.

இப்படி 2008-இல் வேல்ஸின் மனித் கிரைக் கோஹ் மேட்டை அளந்தபோது 609.75 மீட்டர் வந்தது. 2,000 அடி என்பது 609.6 மீட்டர் என்பதால், ஆறு அங்குலத்தில் மலையாகிவிட்டது. 2010-இல் க்ளடர் வவுர் மலை 999-லிருந்து 1000.8 ஆகி, வரைபடத்தில் 1001 என ஏறியது. எல்லைக்கு அப்பால் வட இங்கிலாந்தில் உள்ள காஃப் டாப் மலையின் கதைதான் வேடிக்கை. 2010-இல் 2,000 அடிக்குச் சில செ.மீ. குறைவு; 2016-இல் ஜியாய்டு மாதிரி மாறியதும் 609.606. வெறும் ஆறு மில்லிமீட்டர்!

இறக்கத்துக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. உச்சியும் சேணமும் அருகருகே இருப்பதால் ஜியாய்டு பிழை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, கழிக்கும்போது போய்விடும். அங்கே சிக்கல் வேறு. சேணம் பெரும்பாலும் தட்டையான புல்லும் கரிச்சேறும். அளவுகோல் அமிழும், தாழ்ந்த புள்ளி எதுவென்று நாலாபக்கமும் வரிசையாக மட்டம் பார்த்தால்தான் பிடிபடும். லைடார் (விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளப்பது) தரவு இங்கே நன்றாக உதவும். கூர்மையான பாறை உச்சியில் அதை நம்ப முடியாது: ஒரு மீட்டர் கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்பதால் முனை நழுவிவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘சேணமேல் உயரம்’ எனக்குச் சம்மதம்.

---

மறுமொழி:

எனக்கும் சம்மதம், கணவாயை விட்டுவிடுகிறேன். ஒரு நிபந்தனை: அட்டவணையில் எந்தச் சேணம் என்று பக்கத்திலேயே பெயரோ ஆயத்தொலைவோ வேண்டும். வான் அ பிக்குக்கு மேற்கே, க்ரிபின் மலைக்குப் போகும் வழியில் உள்ள ஆழமான பள்ளம் சுமார் 600 மீட்டர். அதுதான் கண்ணில் படும். ஆனால் கிழக்கே வான் ரித் பக்கமுள்ள மேலோட்டமான சேணம்தான் கணக்கு. பெயர் போடாவிட்டால் அடுத்த தொகுப்பாளர் 28.4-ஐ அழித்துவிட்டு நூற்றுச் சொச்சம் என்று எழுதிவிடுவார்.