300 பேர் கூடும் கருத்தரங்கு: மட்கும் தட்டுகள் மட்டும் போதுமா?

கேள்வி

வணக்கம். 300 பேர் கலந்துகொள்ளும் ஒருநாள் கருத்தரங்கின் உணவுப் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. தேநீர், மதிய உணவு, மாலைச் சிற்றுண்டி ஆகிய மூன்றையும் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த விரும்புகிறோம். சமையல் ஒப்பந்தக்காரர், பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மட்கும் தட்டுகளையும் குவளைகளையும் தருவதாகவும் அதற்குக் கூடுதல் கட்டணம் ஆகும் என்றும் சொல்கிறார். அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிட்டால் கூடுதல் பயன் உண்டா? ஒப்பந்தம் போடுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்?

மறுமொழி 1

தட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பற்றிப் பேசுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 28 விழுக்காடு உணவகங்கள் உள்ளிட்ட உணவுச் சேவைத் துறையைச் சேர்ந்தது. கொட்டப்படும் உணவோடு அதை விளைவித்த நீரும் நிலமும் எரிபொருளும் வீணாகின்றன; போதாக்குறைக்கு, குப்பைமேட்டில் அது காற்றுப்படாமல் அழுகும்போது புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுகிறது.

உணவு போதாமல் போய்விட்டால் பழி தம்மீது விழும் என்பதால் ஒப்பந்தக்காரர்கள் எப்போதும் சற்று மிகுதியாகவே சமைப்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதை நீக்க வேண்டியவர்கள் ஏற்பாட்டாளர்களாகிய நீங்கள்தான். பதிவுப் படிவத்திலேயே மதிய உணவுக்கு இருப்பார்களா, எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று கேளுங்கள். இரண்டு நாள்களுக்கு முன் மறுபடியும் உறுதிசெய்து, இறுதி எண்ணிக்கையை எழுத்தில் கொடுங்கள். கடைசி நேரத்தில் ஏதேனும் ஓர் உணவு வகை தீர்ந்துபோனால் அதற்காகப் பணம் பிடிக்க மாட்டோம் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

பஃபே மேசையில் பெரிய பாத்திரங்களைக் கடைசிவரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டாம். சிறிய பாத்திரங்களில் வைத்து, தீரத் தீர நிரப்பச் சொல்லுங்கள். மேசைக்கு வந்து பலர் கைபட்ட உணவைப் பெரும்பாலும் கொட்டத்தான் வேண்டும். சமையலறையில் சூடாக இருப்பதை வேறு வழியில் பயன்படுத்தலாம்.

உணவுப் பட்டியலும் முக்கியம். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான விரிவான ஆய்வின்படி, 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாடுகளின் இறைச்சியால் சராசரியாக ஏறத்தாழ 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயுக்கள் வெளியேறுகின்றன; பருப்பு வகைகளில் அது ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை. எனவே எல்லோருக்கும் சைவ உணவு என்று வைத்துவிட்டு, இறைச்சி வேண்டுவோர் முன்கூட்டியே கேட்டுப் பெறும்படி செய்யுங்கள்.

மறுமொழி 2

தட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மட்கும் குவளைகளில் பல, பிஎல்ஏ என்னும் தாவரவழிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும் தொழில்முறை உரக்கூடங்களில்தான் அவை ஒழுங்காக மட்கும். வீட்டு உரக்குழியில் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். அவற்றை எந்த உரக்கூடம் ஏற்கிறது, யார் எடுத்துச் செல்வார்கள் என்று கேளுங்கள். தெளிவான விடை இல்லையென்றால், அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கழுவிப் பயன்படுத்தும் எஃகுத் தட்டுகளுக்கும் அவற்றைக் கழுவும் ஆள்களுக்கும் கொடுப்பதே நல்லது. தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில் தன்னார்வலர் ஒருவர் நிற்கட்டும். ஆளில்லாத தொட்டிகளில் எல்லாக் குப்பையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

தண்ணீரைப் பெரிய கேன்களில் வைத்து, பாட்டில் கொண்டுவரும்படி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மீந்த உணவை ஏதேனும் ஒரு காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். அது சரியாக வருமா?

மறுமொழி 3

முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் மட்டுமே சரியாக வரும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. பெற்றுக்கொள்ளும் இடம், வண்டி, மூடியுள்ள பாத்திரங்கள் மூன்றும் முந்தைய நாளே முடிவாகியிருக்க வேண்டும். மேசைக்கு வராத உணவை மட்டும் அனுப்புங்கள்.

முதல் மறுமொழியோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தொலைவிலிருந்து வருபவர்களைப் பசியோடு அனுப்பக் கூடாது. உறுதியான எண்ணிக்கைக்குச் சமைத்துவிட்டு, விரைவில் சமைக்கக்கூடிய பொருள்களைச் சமைக்காமல் கையிருப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள். தேவைப்படாவிட்டால் அவை அப்படியே கிடங்குக்குத் திரும்பும். சமையலறைக் கழிவு, மேசையில் மீந்தது, தட்டில் மீந்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுக் குறித்துவையுங்கள். மேசையில் மிகுதியாக மீந்தால் அடுத்த முறை சமைக்கும் அளவைக் குறைக்க வேண்டும். தட்டில் மீந்தால் பரிமாறும் அளவையோ உணவு வகையையோ மாற்ற வேண்டும்.