விலை–லாப விகிதம் 5 என்றால் பங்கு மலிவுதானா?

கேள்வி:
ஓர் எஃகு நிறுவனப் பங்கின் விலை 300. சென்ற ஆண்டு பங்குக்கு லாபம் 60. விலையை லாபத்தால் வகுத்தால் விகிதம் வெறும் 5! ஆனால் எஃகு விலை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அதனால்தான் கை நீளவில்லை. பத்தாண்டுச் சராசரி லாபத்தை வைத்து மதிப்பிடலாமா? பணவீக்கத்தை எப்படிச் சரிக்கட்டுவது?

பதில்:
கட்டாயம் செய்யுங்கள். முதலீட்டு ஆய்வாளர் பெஞ்சமின் கிரஹாம் 1934இலேயே ஐந்தாண்டுக்குக் குறையாத, முடிந்தால் ஏழு அல்லது பத்தாண்டுச் சராசரியை வலியுறுத்தினார். ஒவ்வோர் ஆண்டு லாபத்தையும் இன்றைய விலைவாசிக் குறியீட்டால் பெருக்கி, அந்த ஆண்டின் குறியீட்டால் வகுக்க வேண்டும். அன்று குறியீடு 100, இன்று 180 என்றால், அன்றைய 10 இன்றைய 18. நஷ்ட ஆண்டுகளைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றை விட்டால் அது சராசரியே அல்ல.

இன்னொரு பதில்:
பங்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். கடனை அடைக்க இடையில் புதிய பங்குகளை வெளியிட்டிருந்தால், பழைய ஆண்டுகளின் லாபம் பங்குக்குப் பங்கு பெரிதாகத் தெரியும். மொத்த லாபத்தின் சராசரியை இன்றைய பங்குகளால் வகுப்பதே நியாயம். ஆலை இரு மடங்காகியிருந்தால் இதுவும் போதாது. மூலதனத்தின் மீதான சராசரி வருவாய் விகிதத்தை இன்றைய மூலதனத்தோடு பெருக்குங்கள்.

கேட்டவர்:
இரண்டு நஷ்ட ஆண்டுகளையும் சேர்த்தே போட்டேன். சராசரி 15தான் வருகிறது, விகிதம் 20. ஆலை விரிவாக்கம் எதுவும் இல்லை. இந்த விலைக்கு நான் வாங்கப்போவதில்லை.