உலக முடிவு: பனிமூட்டத்துக்கு முன்னே போய்விடுங்கள்

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஒன்றையுமே பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வந்து நுவரெலியாவில் தங்கினோம். காலையில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டதால், உலக முடிவு என்று சொல்லும் செங்குத்து மலை விளிம்புக்கு நடந்து சேரப் பதினொரு மணியாகிவிட்டது. வேலிக்கு அப்பால் வெள்ளைச் சீலை கட்டியதுபோல ஒரே பனிமூட்டம். முழங்கால் வலியோடு நடந்து வந்த அம்மா, "இதையோ பாக்க வந்தனாங்கள்?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை பெப்ரவரியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் துலக்கமாக இருக்கும். விடிய நாலரைக்கே புறப்பட்டு, அம்பேவலை, பட்டிப்பொல வழியாக ஆறு மணிக்கு வாசலில் நின்றோம். அங்கே பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்து எடுப்பார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனால் நேரம் மிச்சம்.

2,100 மீற்றர் உயரத்துப் புல்வெளி அது. அன்று உறைபனி விழுந்திருந்தது. குனிந்து பார்த்தேன், ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புத்தூள் அப்பியதுபோல மணிமணியாக இருந்தது. வெயில் தொட்டதும் அது ஒரு நிமிடம் மினுங்கி, வெறும் தண்ணீராக இறங்கிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கமராவைத் தயாராக வைத்திருங்கள். வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மரை மான்கள் நிற்கும். கிட்ட வந்து ஈர மூக்கை நீட்டினாலும் பாண் கொடுக்காதீர்கள். தூர நின்று, மூச்சு ஆவியாக எழும்பும்போது எடுத்தால் அருமையான படம் கிடைக்கும்.

எல்லோரும் பெரிய உலக முடிவைத்தான் சொல்வார்கள். படத்துக்கு என்றால் நான் சின்ன உலக முடிவைத்தான் சொல்வேன். பெரியதில் நாம் செங்குத்தின் உச்சியிலேயே நிற்பதால், காலடியில் 800 மீற்றருக்கும் மேலான பள்ளம் இருந்தும் படத்தில் ஆழம் வராது. சின்னதில் பாறைச் சுவர் பக்கவாட்டில் தெரியும், காலை வெயிலும் சாய்வாக விழும். மகாரத்மல் மரம் பூத்திருந்தால் அந்தச் சிவப்புக் கொப்பு ஒன்றை ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னுக்கு நடக்காதீர்கள். 2015 இல் மனைவியைப் படம் எடுக்கப் பின்வாங்கிய நெதர்லாந்துக்காரர் ஒருவர் உலக முடிவில் தவறி விழுந்தார். ஏறத்தாழ 40 மீற்றர் கீழே மரம் ஒன்று தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கித் தூக்கினார்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கடைசிக்கு விடுங்கள். பனிமூட்டம் அதைக் கெடுக்காது, சொல்லப்போனால் மங்கிய வெளிச்சத்தில்தான் அது இன்னும் வடிவு. மூன்றையும் பார்த்து வரும் முழுச் சுற்றும் சுமார் 9 கிலோமீற்றர்.

அன்று தெற்கே உடவளவை நீர்த்தேக்கம்வரை தெரிந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. நேர் கீழே தேயிலைக்குள் மினுங்கிய தகரக் கூரைகளைக் காட்டி, "உங்கை ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

இருக்கிறோம். நான் அங்கே பிறந்தவன். நீங்கள் பார்த்த நீளக் கூரைகள் எங்கள் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

பனிமூட்டம் எப்போது வரும் என்று எங்களுக்குக் கீழேயிருந்தே தெரியும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது மலை விளிம்பு கத்தியால் கீறியதுபோலத் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் சூடான காற்று அந்தச் சுவரில் முட்டி மேலே எழும்பும், உயரே குளிர்ந்து முகிலாகிவிடும். காலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் விளிம்பைக் காணோம். அதனால் ஒன்பது மணிக்குள் படம் எடுத்து முடித்துவிடுங்கள்.

அந்த விளிம்பைப் பார்த்தே வளர்ந்தும், நான் முதன்முதலில் மேலே போனது இருபத்தாறு வயதில், வேலைக்குப் போன பிறகுதான். எல்லோரும் தூரத்து மலைகளை எடுத்துக்கொண்டிருக்க, நான் எங்கள் கூரையைத் தேடினேன். பாடசாலை மைதானத்தை வைத்து அடையாளம் பிடித்தேன், அதற்கு இடப்பக்கம் மூன்றாவது வரிசை. போனில் பெரிதாக்கி எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே கூப்பிட்டார்.

"வாசல்லதான் நிக்கிறேன், தெரியுதாப்பா?"