ஒக்சிதானியில் காண வேண்டிய பழைய கல்விக் கட்டடங்கள் எவை?

கேள்வி:
செப்டம்பரில் தென் பிரான்சின் ஒக்சிதானி வட்டாரத்துக்குச் செல்லவிருக்கிறோம். கோட்டைகள் ஒருபுறம் இருக்கட்டும். அங்குள்ள பழைய பள்ளி, கல்லூரிக் கட்டடங்களில் அவசியம் காண வேண்டியவற்றை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
மொன்பெலியே மருத்துவக் கல்லூரியை முதலில் பாருங்கள். 1220இல் விதிமுறைகள் வகுக்கப்பெற்று இன்றளவும் இயங்கிவரும் அக்கல்லூரி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பழைய ஆயர் மாளிகைக்கு இடம்பெயர்ந்ததால், புனித பேதுரு பேராலயத்தோடு ஒட்டியே நிற்கிறது. வாயிலின் இருபுறமும் லா பெய்ரோனி, பார்தேஸ் என்னும் மருத்துவர்களின் வெண்கலச் சிலைகளைக் காணலாம். பக்கத்திலேயே பேராலய முகப்பைத் தாங்கும் இரண்டு பருத்த உருளைத் தூண்களையும் தவறவிடாதீர்கள்.

மறுமொழி 2:
என் தேர்வு சொரேஸ் என்னும் ஊரிலுள்ள பழைய மடாலயப் பள்ளி. பெனடிக்டின் துறவிகள் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அப்பள்ளி, 1776இல் பதினாறாம் லூயி காலத்தில் அரச இராணுவப் பள்ளியாக உயர்ந்தது. 1854 முதல் அதை நடத்திய லக்கோர்தேர் அடிகளார் 1861இல் அங்கேயே காலமானார். 1991இல் பள்ளி மூடப்பட்டுவிட்டதால், வகுப்பு நேரம் பாராமல் நிதானமாகச் சுற்றலாம். தோம் ரொபேர் என்னும் துறவியின் நெய்வோவியங்களுக்கான அருங்காட்சியகமும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

மறுமொழி 3:
துலூசில் பியேர் தெ ஃபெர்மா பள்ளிக்குள் இருக்கும் பெர்னுயி மாளிகை, நீலச்சாய வணிகர் ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பாடம் நடக்கும் பள்ளி என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போக இயலாது. செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில், பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பாரம்பரிய நாட்களில் அனுமதி உண்டா என முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.