சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாறிய என் தம்பியின் சிகிச்சை

மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் சிகிச்சை பெற்ற என் தம்பி, வேலையை விட்டுவிட்டு வீரவநல்லூர் வீட்டுக்கே வந்து சேர்ந்தபோது, நோயின் பெயரும் "மாத்திரைகளைத் தொடரவும்" என்ற ஒரு வரியும் எழுதிய சீட்டைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அந்தச் சீட்டையும் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும் அம்மா ஒரு மஞ்சள் பையில் எடுத்து வந்தாள். மனநலப் பிரிவு மருத்துவர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மாத்திரையின் அட்டையில் மில்லிகிராம் அச்சிட்டிருந்த பகுதியைத்தான் நாங்கள் முன்பே கத்தரித்து எறிந்திருந்தோம். "கடைசியா எப்பம்மா ரத்தத்துல லித்தியம் அளவு பாத்தாங்க?" என்று அவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

லித்தியம் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்பதும், வயிற்றுப்போக்காலோ கடும் வியர்வையாலோ உடலில் நீர் வற்றினாலும், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டாலும் அந்த அளவு ஏறிவிடலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தம்பியோ சித்திரை வெயிலில் வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அவன் காப்பித் தம்ளரைப் பிடிக்கும்போது விரல்கள் நடுங்கியதை, ஊர் மாறிய கலக்கம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது லித்தியம் அளவு ஏறியதன் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மருத்துவமனை மாறும்போதும், புதிய மனநல மருத்துவர் பொறுப்பேற்கும்போதும், அதுவரை பார்த்த மருத்துவர் நோயாளியோடும் குடும்பத்தாரோடும் அடுத்த மருத்துவரோடும் கலந்து பேச வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 98ஆம் பிரிவில் சொல்கிறது. தன் மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையை 25ஆம் பிரிவு நோயாளிக்கு அளிக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால், ஊருக்கு வண்டி ஏறுவதற்கு முன்னரே அவற்றைக் கேட்டு வாங்கியிருப்பேன். பிறகு எழுத்தில் கேட்டுத்தான் ஒவ்வொரு தாளாக வந்து சேர்ந்தது.

இடைப்பட்ட நாட்களில் தம்பி உறங்காமல் நடந்துகொண்டே இருந்த ஓர் இரவில், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவித் தொலைபேசியை, அழைத்தேன்; தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள்.

இப்போது மாத்திரையின் பெயர், அளவு, சோதனைத் தேதி எல்லாவற்றையும் தம்பி ஒரு நோட்டில் தானே எழுதுகிறான். அதன் முதல் பக்கத்தில் இருப்பது: "ராத்திரி 8 மணிக்கு மாத்திரை. ரத்தம் எடுக்கிற அன்னைக்குக் காலை 8 மணிக்குப் போகணும், எடுத்த பிறகுதான் காலை மாத்திரை."